சுவரில் இருந்த பதினோரு பெயர்கள்

என் பெயரை நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்.

அதுதான் முதலில் மனதில் பட்டது. ‘வ’ உருண்டையாக இருந்தது. ‘ந்’தின் புள்ளி சரியான இடத்தில் விழுந்திருந்தது. கோடு போட்ட நோட்டில் எழுதிப் பழகிய கை. கறுப்பு மார்க்கர். ‘வசந்தி’ என்ற பெயருக்குக் கீழே ‘கண்ணாடிக் கடை’ என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி. அதை இங்கே எழுத மாட்டேன். அதற்கும் கீழே என் கைப்பேசி எண். பத்து இலக்கத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

காலை பதினோரு மணி. திருச்சியில் ரயில் பாதைக்கு அடியில் போகிற சுரங்கப்பாதைகளில் ஒன்று. எது என்று சொல்லப் போவதில்லை. இப்போது அது நன்றாக இருக்கிறது. பழைய பேரை அதன் தலையில் மறுபடி ஏற்ற வேண்டாம்.

தலைக்கு மேல் ஒரு ரயில் போனது. கூரையிலிருந்து தூசி உதிர்ந்தது. மூத்திர வாடையும் பிளீச்சிங் பவுடர் வாடையும் கலந்து மூக்கில் ஏறியது. பக்கத்தில் நின்ற ஷமீமா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இதுதான்க்கா. அந்த ஆளு பொய் சொல்லல” என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. இதை இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. முதலில் வந்தது ஒரு பெரிய நிம்மதி. ‘அப்பாடா, காரணம் கெடச்சுது’ என்ற நிம்மதி.

அது ஏன் என்று புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய மூன்று வாரங்களைச் சொல்ல வேண்டும்.

மூன்று வாரம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்த கதையை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். மருந்துச் சீட்டைப் பார்த்து பவர் குறித்துக்கொள்வது, பிரேம் எடுத்துக் காட்டுவது, கண்ணாடி தயாரானதும் போன் செய்து சொல்வது, இவ்வளவுதான் என் வேலை. கடை அட்டையில் கடை எண்ணோடு என் எண்ணையும் அச்சடித்திருந்தார்கள். ஆக, திருச்சியில் பார்வை குறைந்த பாதிப் பேரிடம் என் எண் இருந்தது.

கொரோனா அடங்கி ஊர் மறுபடி நடமாடத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். ஒரு செவ்வாய்க்கிழமை முதல் அழைப்பு வந்தது. “வசந்தியா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான் ஒருவன். வாடிக்கையாளர் என்று நினைத்து, “சொல்லுங்க சார், பில் நம்பர் என்ன?” என்றேன். அவன் சொன்ன பதிலைக் கேட்டதும் போனைக் கண்ணாடி மேசைமேல் போட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் வந்தது. ஐந்து, எட்டு, சில நாள் பதினைந்து. பேருந்தில் வரும், சமையலில் இருக்கும்போது வரும், கோயிலில் வரிசையில் நிற்கும்போது வரும். எல்லாம் வேறு வேறு எண்கள், வேறு வேறு குரல்கள். ஒருவனைத் தடுத்தால் இன்னொருவன். ஒருநாள் மகள் எடுத்துவிட்டாள். ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். “அம்மா, யாரோ ஒரு அங்கிள் அசிங்கமா பேசுறாரு” என்று போனை என்னிடம் நீட்டிய அவள் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள். நம்பரை மாற்று. கடை முதலாளி சொன்னார், என் அக்கா சொன்னாள், மாடி வீட்டுக்காரம்மா சொன்னார். அது ஒன்பது வருட எண். வங்கி, எரிவாயு, பள்ளிக்கூடம், ரேஷன் எல்லாம் அதில்தான். ஆனால் நான் மாற்றாததற்கு அது காரணமில்லை. நான் எதுவும் செய்யவில்லையே, நான் ஏன் ஒளிய வேண்டும் என்ற பிடிவாதம்.

என் கணவர் சேகர் அரியமங்கலத்தில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். கோபக்காரர் இல்லை. சந்தேகக்காரரும் இல்லை. அவரும் இரண்டு மூன்று பேரைப் போனில் திட்டிப் பார்த்தார். மூன்றாவது வாரம், ஒரு மாலை, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

“நீ யாருக்காச்சும் நம்பர் குடுத்தியா?”

அவ்வளவுதான் கேட்டார். நானூறு பேருக்குக் கொடுத்திருக்கிறேன், அதுதான் என் உத்தியோகம் என்று சொல்லியிருக்கலாம். எழுந்து உள்ளே போய்த் துணி மடித்தேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் உப்பு இருக்கா, கேஸ் வந்துச்சா என்ற அளவில்தான் பேச்சு.

நானும் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், எதிர்க்கடைக்காரர், சொந்தத்தில் ஒருவர். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இரண்டு நாள் ஷமீமாவைக்கூடச் சந்தேகப்பட்டேன். காரணம் தெரியாமல் ஒரு கஷ்டம் வந்தால் மனசு அப்படித்தான் சுற்றியிருக்கிற எல்லாரையும் கடித்துவைக்கிறது.

அறுபத்தொரு வயதுக்காரர்

ஷமீமா கடையில் எனக்கு அடுத்த கவுன்டர். பாலக்கரைக்காரி, என்னைவிட எட்டு வயது சின்னவள். வாய் மட்டும் என்னைவிட இருபது வயது பெரியது.

ஒரு மதியம் நாங்கள் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. புது எண். நான் எடுக்கவில்லை. ஷமீமா இடது கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“வசந்தியாம்மா பேசுறது?” வயதான குரல்.

“ஐயா, உங்களுக்கு என்ன வயசு?” என்றாள் ஷமீமா.

“அறுபத்தொன்னு” என்றது குரல். கேட்டால் பதில் சொல்லிப் பழகியவர் போலிருக்கிறது.

“இந்த நம்பர் எங்க கெடச்சுது?”

“தப்பா நெனச்சுக்காதம்மா…”

“நெனச்சாச்சு. எங்க கெடச்சுது, அத மட்டும் சொல்லுங்க.”

“ரயிலுக்கு அடியில போகுமே, சுரங்கப்பாதை. சுவத்துல போட்டிருக்கு. நான் சும்மா… யாரோ வெளையாட்டுக்கு எழுதியிருப்பாங்கன்னு…”

எந்தச் சுரங்கப்பாதை, எந்தப் பக்கம், எத்தனாவது விளக்குக்குக் கீழே என்று எல்லாவற்றையும் கறந்துவிட்டுத்தான் போனை வைத்தாள். “யா அல்லாஹ், பேரன் பேத்தி எடுத்திருப்பாரு” என்று சொல்லிவிட்டு மறுபடி சாப்பிடத் தொடங்கினாள். நான் டப்பாவை மூடி வைத்தேன். மறுநாளே இரண்டு பேரும் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

கீழே இறங்காத ஊர்

நாங்கள் திருச்சிக்காரர்கள் சுரங்கப்பாதையில் சுலபமாக இறங்க மாட்டோம். மேலே தண்டவாளத்தை எட்டிக் குதித்துத் தாண்டுவோம், அரை கிலோமீட்டர் சுற்றிப் போவோம், படி இறங்க மாட்டோம். பெண்கள் கேட்கவே வேண்டாம். எனக்குத் தெரிந்து, படியின் மேலே நின்று கீழே எட்டிப் பார்த்து, இன்னொரு பெண் வருகிறாளா என்று காத்திருந்து, அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடக்கிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான். சுவரை ஒருநாளும் பார்த்ததில்லை. தலை குனிந்து விறுவிறுவென்று போவதுதான் பழக்கம். அதனால்தான் என் பெயர் எத்தனை நாள் அங்கே இருந்தது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சுவரில் எழுதுவது நம் ஊருக்குப் புதிதா என்ன? தேர்தலுக்கு ஒரு வருடம் முன்னாலேயே சுண்ணாம்பு அடித்துக் கட்சிக்காரர்கள் சுவரைப் பிடித்துவைத்துவிடுவார்கள். காதணி விழாவுக்கு ஒரு போஸ்டர், அதன்மேல் கண்ணீர் அஞ்சலிக்கு ஒன்று. மலைக்கோட்டைப் பாறையில் அம்பு பாய்ந்த இதயம் இல்லாத இடம் கிடைப்பது கஷ்டம். கல்யாணமான புதிதில் முக்கொம்புக்குப் போயிருந்தபோது சேகர் வண்டிச் சாவியால் சிமென்ட் பெஞ்சில் எங்கள் இரண்டு பெயரையும் கீறினார். “ச்சே, யாராச்சும் பாக்கப் போறாங்க” என்று நான் அதன்மேல் முந்தானையைப் போட்டு மூடினேன். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பெயரை எழுதியவர் யார், எதற்கு எழுதினார் என்பதில் இருக்கிறது எல்லாம்.

என்னுடையது மட்டும் இல்லை

ஷமீமா கைப்பையிலிருந்து ஈரத்தாளை எடுத்து என் பெயரைத் தேய்த்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. பிறகு பக்கவாட்டில் நகர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா, இங்க வாங்க.”

இன்னொரு பெயர். அதற்குக் கீழே எண். இரண்டடி தள்ளி இன்னொன்று. சில நீலப் பேனாவில், சில கரியில், ஒன்று ஆணியால் கீறப்பட்டு. வேறு வேறு கைகள். சுவர் நெடுக நடந்து எண்ணினோம். என்னையும் சேர்த்துப் பதினோரு பெண்கள். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தேன்.

போலீஸில் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். அன்று மாலையே சொன்னோம். புகாரை வாங்கிய பெண் காவலர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் என் பெயரை எழுதியவன் யார் என்பது இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இப்போது இல்லை.

வீட்டுக்கு வந்து, சேகர் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் போனை அவர் முன்னால் வைத்தேன். படத்தைப் பார்த்தார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வெகுநேரம் தலை நிமிரவில்லை.

“நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது” என்றார்.

“ஆமா” என்றேன். வேறென்ன சொல்ல? மன்னிப்பு, சமாதானம் என்று நீட்டி முழக்க இரண்டு பேருக்கும் வராது. சிறிது நேரம் கழித்து அவரே கேட்டார்: “எப்ப அழிக்கப் போற?”

“ஞாயித்துக்கிழம. வெள்ளப் பெயின்ட் வாங்கணும்.”

“வெறும் வெள்ள அடிச்சா மார்க்கர் கசிஞ்சு மேல வந்துரும். மொதல்ல சில்வர் பெயின்ட் ஒரு கோட் அடி. காஞ்சதுக்கப்புறம் வெள்ள. பட்டறைல மிச்சம் கெடக்கும், கேட்டு எடுத்துட்டு வரேன்.” சற்று நிறுத்தி, “நானும் வரட்டுமா?” என்றார்.

“வேணாங்க. நான் பாத்துக்கறேன்.”

அவர் முகம் வாடியது தெரிந்தது. ஆனால் அந்தப் பெயரை என் கையால் அழிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. புரிந்துகொண்டார். சனிக்கிழமை மாலை இரண்டு டப்பாவும் மூன்று பிரஷும் ஒரு பாட்டில் தின்னரும் வாசலில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை

ஏழு மணிக்கே போய்விட்டோம். முதலில் என் பெயர்மேல் பிரஷை வைத்தேன். வெள்ளிப் பூச்சு பளபளவென்று இறங்கி ‘வ’வை மூடியது, பிறகு ‘ச’வை. கடைசி இலக்கம் மறைந்ததும்தான் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. தாடை வலித்தது.

“யாரக் கேட்டு அடிக்கிறீங்க?”

பின்னால் ஒரு பெண் துடைப்பத்தோடு நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். சேலைமேல் பச்சை மேல்சட்டை. அந்தச் சுரங்கப்பாதையைப் பெருக்குகிற தனலட்சுமி. நான் போனை எடுத்துப் படத்தைக் காட்டி, “இது என் நம்பருங்க” என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் ஓர் இடத்தைக் காட்டினார். சுவர் அங்கே சிராய்த்துச் சிவந்திருந்தது.

“இங்க ரெண்டு நம்பர் இருந்துச்சு. யாரு பெத்த புள்ளயோன்னு செங்கல்ல வெச்சுத் தேய்ச்சு விட்டேன். மறுநாளே பக்கத்துல எழுதிட்டானுவ. நான் ஒருத்தி எத்தனதான் தேய்க்கிறது?” என்று சொல்லிவிட்டு மூன்றாவது பிரஷை எடுத்துக்கொண்டார்.

ஒன்பது மணிவாக்கில் ஒரு போலீஸ்காரர் படியிறங்கி வந்தார். “என்னம்மா இது, பெர்மிஷன் இருக்கா?” என்றார். வாய்க்காரி ஷமீமாவே என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள். நான் அவரிடமும் அதே படத்தைத்தான் காட்டினேன். பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“முடிச்சுட்டு டப்பாவ எல்லாம் எடுத்துட்டுப் போயிருங்க. நடக்கறவங்க மேல படாமப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

பதினோரு மணிக்குச் சுவர் வெள்ளையாக நின்றது. தனலட்சுமியக்கா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, “வெள்ளையா விட்டா நாளைக்கே எழுதுவானுவ. இதுல எதயாவது வரைஞ்சு வைங்க” என்றார். அது சரிதான். ஆனால் என்ன வரைவது? இரண்டு பேருக்கும் கோலத்தைத் தவிர வேறு எதுவும் வரைய வராது.

மதிய இடைவேளைப் பயணங்கள்

இதை ஷமீமாதான் ஆரம்பித்தாள். “அக்கா, இந்த ஒரு சுவருதானா? ஊர்ல இன்னும் எத்தன இருக்கோ?”

எங்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை முக்கால் மணி. பத்தே நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு, கட்டைப் பையில் ஒரு சின்ன டப்பாவும் பிரஷுமாகக் கிளம்பினோம். இரண்டு வாரம் அப்படி அலைந்தோம். வணிக வளாகங்களின் பின்படிக்கட்டு, வாய்க்கால் பாலத்தின் அடிவயிறு, மேம்பாலம் முடிகிற மூலை. பெண்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கப்படும் இடங்கள் எல்லாம். பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருக்கிறேன். பாதி ஊரை எனக்கு யாரும் காட்டவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

மூடிக் கிடந்த தியேட்டர் ஒன்றின் வண்டி நிறுத்துமிடத்துக்குள் போனோம். டிக்கெட் கவுன்டரில் கை நுழைக்கிற ஓட்டை, விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். உள்ளேயிருந்து நான்கு புறாக்கள் படபடவென்று பறந்ததில் ஷமீமா போட்ட கூச்சலுக்கு வாட்ச்மேன் ஓடிவந்தார். சின்ன வயதில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

வாய்க்கால் பாலத்துக்கு அடியில்தான் அந்த ஓவியத்தைப் பார்த்தோம். அடுப்புக்கரியால் ஒரு முழு ரயிலை வரைந்திருந்தார் யாரோ. பன்னிரண்டு ஜன்னல், ஒவ்வொன்றிலும் ஒரு முகம். தூங்குகிறவர், வாழைப்பழம் உரிக்கிறவர், குழந்தையை ஜன்னல் கம்பியில் நிற்கவைத்துப் பிடித்திருக்கும் அம்மா. கையெழுத்தும் இல்லை, பெயரும் இல்லை. பாலத்துக்கு அடியில் யார் வந்து பார்ப்பார்கள் என்று வரைந்தாரோ! ஒரு மணி நேரம் தாமதமாகக் கடைக்குத் திரும்பி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

பத்து அழைப்புகள்

படம் எடுத்த எண்கள் என் போனில் இருந்தன. அழித்துவிடு என்றாள் ஷமீமா. எனக்கு மனம் வரவில்லை.

“நமக்குக் காரணம் தெரிஞ்சுது. அவங்களுக்குத் தெரியாதே ஷமீ.”

“கூப்ட்டா நம்மளயே திட்டுவாங்கக்கா.”

“திட்டட்டும்.”

பத்து எண்களில் நான்கு உபயோகத்தில் இல்லை. அவர்கள் மாற்றிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். ஒரு பெண், நான் சொல்லி முடித்ததும், “இதுக்கா! ரெண்டு வருசமா என் தங்கச்சி புருசன்தான்னு நெனச்சு அந்த மனுசனோட பேசாம இருக்கேன்” என்று சிரிக்கவும் அழவும் செய்தார். தென்னூரில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவர், “எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே ஒரு தடவ சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டாரு” என்று போனை அவரிடம் கொடுத்தார். சொன்னேன். அந்தப் பக்கம் நீண்ட மௌனம். எனக்குத் தெரிந்த மௌனம்தான்.

கடைசி எண்ணுக்கு எதிரே ‘ரேவதி’ என்று இருந்தது. ஒரு ஆண் எடுத்தார்.

“ராஜேந்திரன் மோட்டார் ஒர்க்ஸ், லால்குடி.”

“ரேவதி இருக்காங்களா?” என்று கேட்டேன்.

“ஓ, இப்ப பொம்பளைங்களையும் பேச விடுறானுங்களா? போன வெய்யி!”

மறுபடி கூப்பிட்டேன். துண்டித்தார். மறுபடி. துண்டித்தார்.

“விடுங்கக்கா” என்றாள் ஷமீமா.

“கடை பேர சொல்லிட்டாரே. நேர்ல போவோம்” என்றேன்.

லால்குடி

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுப் பேருந்தில் போனோம். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள். கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை. வார்னிஷ் வாடை. செம்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார் ராஜேந்திரன். மோட்டாருக்காக வந்தவர்கள் என்று நினைத்து, “வாங்கம்மா, உக்காருங்க” என்றார்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பயம் வந்துவிடும் போலிருந்தது. “நேத்து போன் பண்ணது நாங்கதான்” என்றேன்.

அவர் முகம் மாறிய வேகத்தில் ஷமீமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வாய் திறப்பதற்குள் என் போனை நீட்டினேன். “முதல்ல இதப் பாருங்க. அப்புறம் என்ன வேணா திட்டுங்க. இது என் பேரு. இது என் நம்பரு. அடுத்தது பாருங்க. இதுவும் அதே சுவருதான்.”

பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இது என் பொண்ணு நம்பர்” என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

“ஆமாங்க. யாரோ ஒரு தறுதல எழுதிட்டுப் போயிருக்கான். உங்க பொண்ணு யாருக்கும் குடுக்கல.”

ரேவதி திருச்சியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவள். தினமும் லால்குடியிலிருந்து ரயில். போன் வரத் தொடங்கியதும் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு படிப்பை நிறுத்தினார். அந்த எண்ணைக் கடைக்கு வைத்துக்கொண்டு, வருகிறவனை எல்லாம் பத்து மாதமாக அவரே திட்டிக்கொண்டிருந்தார்.

“அவ சொன்னாம்மா. ‘அப்பா, நான் ஒன்னும் பண்ணல’ன்னு எத்தன தடவ சொன்னா. ‘பண்ணாமயா இத்தன பேரு கூப்புடுறானுங்க’ன்னு கேட்டேன்.” செம்புக்கம்பியைக் கையில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். “பத்து மாசமா அவகூட ஒழுங்கா ஒரு வார்த்த பேசல.”

அவரே எழுந்துபோய் எதிர்க்கடையிலிருந்து இரண்டு டீ வாங்கிவந்தார். கிளம்பும்போது, “அந்த எடத்த நான் பாக்கணும்” என்றார்.

“ஞாயித்துக்கிழம வாங்க. நாங்க அங்கதான் இருப்போம்.”

மூன்று மீட்டர்

அதற்குள் சுவரில் என்ன வரைவது என்று முடிவாகியிருந்தது. கரி ரயிலை வரைந்தவர் தனக்குத் தெரிந்ததை வரைந்திருந்தார். எனக்குத் தெரிந்தது எது? கண் பரிசோதனை அட்டை. மேலே பெரிதாக ஒற்றை எழுத்து, கீழே வர வர எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போகும். எங்கள் கடை அட்டை மூன்று மீட்டர் தூரத்துக்கானது. சுரங்கப்பாதையின் அகலமும் ஏறக்குறைய அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை தையல் கடைக்காரம்மா வந்தார். தங்கை புருஷனோடு சமாதானமான பெண்ணும் வந்தார். தனலட்சுமியக்கா முன்னதாகவே சுவரைத் துடைத்து வைத்திருந்தார். அளவுகோலை ஒருவர் பிடிக்க ஒருவர் கோடு போட்டோம். ‘ப’ பெரிதாக எழுந்தது. அடுத்து ‘ட’, ‘ம’. எதிர்ப்பக்கம் தரையில் மஞ்சளாக ஒரு கோடு போட்டு, ‘இங்கே நின்று ஒரு கண்ணை மூடிப் படிக்கவும்’ என்று எழுதினோம்.

நான்காவது வரியில் இருந்தபோது ராஜேந்திரன் வந்தார். தலை சீவி, வெளுத்த சட்டை போட்டு, ஏதோ வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் போல. “எந்த எடம்?” என்றார். காட்டினேன். வெறும் வெள்ளைச் சுவர். அதைப் பார்த்தார். பிறகு அந்தப் பாதையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். திரும்பி வந்தார்.

“ஒன்னர வருசம் என் பொண்ணு தெனம் இந்த வழியாத்தான் போனா. ஒருநாளாச்சும் இது எப்பிடி இருக்கும்னு நான் வந்து பாத்ததில்ல” என்றார்.

தையல் கடைக்காரம்மா, “இந்தப் பக்கம் ஸ்டூலப் பிடிச்சுக்குங்கண்ணே, ஆடுது” என்றார். மதியம்வரை ராஜேந்திரன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த அட்டை செய்த வேலையை நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. ஜனங்கள் நின்றார்கள். தலை குனிந்து ஓடுகிற இடத்தில், மஞ்சள் கோட்டில் நின்று ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு சத்தமாகப் படித்தார்கள். காய்கறிக் கூடையோடு வருகிறவர்கள், கல்லூரிப் பெண்கள், மனைவியைப் படிக்கச் சொல்லிக் கேலி செய்கிறவர்கள். எப்போது போனாலும் நாலு பேர் நிற்கிற இடமாயிற்று அது. ஒரு மாதம் கழித்து ஓர் அதிகாரி வந்து யார் வரைந்தது என்று விசாரித்தாராம். “ஆறாவது வரி அவருக்குத் தெரியல. கண்ணக் கசக்கிக்கிட்டே போயிட்டாரு” என்றார் தனலட்சுமியக்கா. சுவரை யாரும் தொடவில்லை. எனக்கு வந்த அழைப்புகளும் வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று குறைந்து, நின்றே போயின.

ஜூன் மாதம்

வீட்டிலிருந்து கடைக்கு வேறு வழியும் உண்டு. ஆனாலும் நான் அந்த வழியாகவே வரத் தொடங்கினேன். கல்லூரிகள் திறந்த வாரம், ஒரு காலை, மஞ்சள் கோட்டில் ஒரு பெண் நின்றிருந்தாள். தோளில் பை, கையில் மடித்த குடை. படித்து முடித்துவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள்.

“அக்கா… நீங்க வசந்தி அக்காவா? அப்பா சொன்ன மாதிரியே இருக்கீங்க.”

“ரேவதியா?”

தலையாட்டினாள். தலைக்கு மேல் அவள் வந்த ரயில் கிளம்பிப் போகும் சத்தம். அது அடங்கியதும் சொன்னாள்:

“மறுபடி செகண்ட் இயர் சேத்துக்கிட்டாங்கக்கா. அப்பாவே வந்து பிரின்சிபால்கிட்ட பேசினாரு.”

“போன் குடுத்துட்டாரா?”

“குடுத்துட்டாரு. புது நம்பர் வாங்கிக்கிறியான்னு கேட்டாரு. வேணாம்ப்பா, இது என் நம்பருன்னேன். அதையே குடுத்துட்டாரு.” பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். பின்பக்கம் வார்னிஷ் கறை. “மோட்டார் குடுத்தவங்க எல்லாம் இன்னும் ரெடியான்னு என்னத்தான் கேக்குறாங்க.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு போனில் மணியைப் பார்த்து, “ஐயோ, ஒம்போது மணிக்கு கிளாஸ்க்கா. போயிட்டு வரேன்” என்று இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.